உங்க மல்யஸாவ் எது?

சாவ் பாவ்லோவில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தின் வாசலில் ஒரு கண்ணாடிக் கூண்டு இருந்தது. வாட்ச்மேன் அதற்குள்தான் உட்கார்ந்திருப்பார். கேட்டைத் திறக்கும் பொத்தான், பார்சல் வந்தால் எழுதிவைக்க ஒரு நோட்டு, ஃபிளாஸ்க் நிறைய இனிப்பான கறுப்புக் காபி, அப்புறம் இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு ஒரு டிவி. ஆன்டெனாவில் ஓடும் டிவி. கால்பந்து மேட்ச் நடக்கும்போது கோல் விழுந்த செய்தி முதலில் அந்தக் கூண்டிலிருந்துதான் வரும். மாடிகளில் கேபிள் வைத்திருப்பவர்களுக்குச் சில நொடி கழித்துத்தான் தெரியும்.

நாங்கள் போய்ச் சேர்ந்தது 2017 மார்ச். என் கணவருக்கு அங்கே வேலை, எனக்கு அங்கே ஒன்றுமில்லை. காலையில் போர்த்துகீசிய வகுப்பு, மதியம் தனிமை, சாயங்காலம் கடைக்குப் போய்த் திரும்புவது. ஐந்தரை மணிக்கு மேல் பையோடு திரும்பி வரும்போதெல்லாம் அந்தக் கூண்டில் ஒரே மாதிரியான சத்தம் கேட்கும். இளம் குரல்கள், சிரிப்பு, நடுவே ஒரு பாட்டு. வாட்ச்மேன் கண்ணை எடுக்காமலே பொத்தானை அழுத்துவார். ஒருநாள் சைகையால் கேட்டேன், என்ன பார்க்கிறீர்கள் என்று. "மல்யஸாவ்" என்றார். எல்லோருக்கும் தெரிந்த ஒன்றைக் கேட்டுவிட்டேன் போல, ஆச்சரியமாகப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து அகராதியைப் புரட்டினேன். சுத்தியலால் அடிப்பது என்று போட்டிருந்தது. ஈஸ்டருக்கு முந்தைய நாள் யூதாஸ் பொம்மையைத் தெருவில் தொங்கவிட்டு அடிப்பார்களே, அதற்கும் அதே சொல். பேச்சு வழக்கில் ஜிம்முக்குப் போய் உடம்பை ஏற்றுவதற்கும் அதே சொல். பள்ளிப் பிள்ளைகள் காதலித்து அழுது சண்டை போடும் ஒரு சீரியலுக்கு இப்படி ஏன் பெயர் வைத்தார்கள் என்று புரிய எனக்கு ஒரு வாரம் ஆனது.

விஷயம் இதுதான். 1995 ஏப்ரல் 24ஆம் தேதி குளோபோ தொலைக்காட்சியில் இது தொடங்கியபோது கதை நடந்த இடம் ரியோ டி ஜெனீரோவின் பாஹா டா தீஜூகா பகுதியில் ஒரு ஜிம். அந்த ஜிம்மின் பெயர் மல்யஸாவ். அன்ட்ரேயா மல்தரோலி, இமானுவேல் ஜகோபினா என்ற இரண்டு எழுத்தாளர்கள் உருவாக்கியது. 1999இல் ஜிம்மை மூடிவிட்டுக் கதையை ஒரு பள்ளிக்கூடத்துக்கு நகர்த்தினார்கள். அந்தப் பள்ளிக்கு 'பல விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடு' என்று பொருள்படும் பெயர் வைத்தார்கள், தேர்வுத்தாளில் வருமே, அதேதான். ஆனால் சீரியலின் பெயரை மட்டும் மாற்றவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ பள்ளிகள், எத்தனையோ காதல்கள், பெயர் அப்படியே நின்றுவிட்டது. மொத்தம் 27 சீசன்கள். ஏறக்குறைய வருடத்துக்கு ஒன்று, ஒவ்வொன்றிலும் புதுக்கதை, பெரும்பாலும் புது முகங்கள்.

இந்தப் புது முகங்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. இருபது வருடம் ஓடுகிற சீரியல் என்றால் அதே குடும்பம் கிழடு தட்டும்வரை இழுப்பார்கள் என்றுதான் நாம் நினைப்போம். இங்கே பார்க்கிறவர்கள் வளர்ந்து வெளியே போவார்கள், சீரியலுக்கு மட்டும் எப்போதும் பதினாறு வயது. அதனால் ஒவ்வொரு வருடத்துப் பிள்ளைகளுக்கும் அவர்களுடையது என்று ஒரு மல்யஸாவ் இருக்கும். பேச்சு கொஞ்சம் நீண்டால் பிரேசில்காரர்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வார்கள், "உங்க மல்யஸாவ் எது?" என்று. பதிலை வைத்து வயதைச் சொல்லிவிடலாம்.

என்னை உள்ளே இழுத்தவள் மூன்றாவது மாடிப் பாட்டியின் பேத்தி. அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது. அம்மா அரசு சுகாதார நிலையத்தில் நர்ஸ், வீடு திரும்ப ஏழு மணியாகும். பள்ளி விட்டதும் பாட்டி வீட்டுக்கு வந்துவிடுவாள். ஒருநாள் லிஃப்டில் அவளிடம் எனக்குத் தெரிந்த நாலு சொற்களை வைத்துப் பேச முயன்று, கடைசியில் "மல்யஸாவ்" என்றேன். கடைசி எழுத்தை மூக்கால் சொல்ல வேண்டும், எனக்கு வரவில்லை. அவள் சிரிக்கவில்லை. நிறுத்தி நிறுத்தி மூன்று தடவை சொல்லிக் காட்டினாள். அப்புறம், "சியா, திங்கட்கிழமை புதுசு ஆரம்பிக்குது. இந்தத் தடவை ரியோவில் இல்லை, நம்ம ஊர்ல நடக்குது. முதல்லேர்ந்து பாருங்க, புரியும்" என்றாள்.

சியா என்றால் அத்தை. அந்த ஊரில் பிள்ளைகள் அம்மா வயதுள்ள எந்தப் பெண்ணையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், பள்ளி டீச்சரைக்கூட. இரண்டு மாதமாக யாரும் என்னை உறவு வைத்துக் கூப்பிட்டிருக்கவில்லை. போகாமல் எப்படி இருப்பேன்?

2017 மே 8, திங்கட்கிழமை. பாட்டி வீட்டு ஹாலில் சோபாவுக்குப் பின்னப்பட்ட உறை, சுவரில் அப்பரெசிடா மாதா, மேசையில் அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த சீஸ் உருண்டைகள். அந்த சீசனின் பெயர் 'விவா அ டிஃபெரென்சா'. வித்தியாசம் வாழ்க என்று பொருள். முதல் எபிசோடில் ஒரு மெட்ரோ ரயில். ஒருவரை ஒருவர் அறியாத ஐந்து பெண்கள் ஒரே பெட்டியில். ரயில் நடுவழியில் நிற்கிறது. அவர்களில் ஒருத்தி நிறைமாதக் கர்ப்பிணி, இன்னும் பள்ளியில் படிக்கிறவள். அவளுக்கு வலி எடுக்கிறது. மற்ற நான்கு பேரும்தான் பிரசவம் பார்க்கிறார்கள்.

அன்று காலையிலும் நான் மெட்ரோவில்தான் போய் வந்திருந்தேன். 3.80 ரெயால் டிக்கெட், நீல வழித்தடம். 1974இல் அந்த நகரத்தில் முதன்முதலாக ஓடிய மெட்ரோ அந்த வழித்தடத்தில்தான், ஜபாகுவாரா முதல் வில்லா மரியானா வரை. கம்பியைப் பிடித்துக்கொண்டு யார் முகத்தையும் பார்க்காமல் நிற்பேன். மொழி தெரியாதவளுக்கு அந்தப் பெட்டியில் உள்ள பயம் ஒன்று உண்டு: ஏதாவது நடந்தால் யாரிடம் என்ன சொல்வேன்? திரையில் அந்தப் பயமே கதையாக ஓடியது. பெட்டிக்குள் குழந்தை அழுதது. பாட்டி மார்பில் சிலுவை போட்டுக்கொண்டார். பேத்தி என் கையைப் பிடித்து, "புரிஞ்சுதா?" என்றாள். ஒரு வார்த்தைகூட விடாமல் புரிந்தது போல இருந்தது. உண்மையில் பத்துச் சொல் புரிந்திருக்கும்.

ஐந்து பேரையும் சொல்லிவிடுகிறேன். குழந்தை பெற்றவள் கெய்லா, நடித்தவர் கப்ரியேலா மெத்வெதோவ்ஸ்கி. குழந்தைக்கு தொனிகோ என்று பெயர். எலென், கணினியில் கெட்டிக்காரி, வசதியில்லாத கறுப்பினக் குடும்பத்துப் பெண், எஸ்லைனி வியெய்ரா. லிகா, பணக்கார வீட்டுக் கோபக்காரி, மனோயேலா அலிபெர்தி. தீனா, ஜப்பானிய வம்சாவளி, ஆனா ஹிகாரி. கடைசியாக பெனே, தாஃபினி போசாஸ்கி. என் மல்யஸாவ் எது என்று கேட்டால் வருடத்தைச் சொல்வேன். அதில் யார் என்று கேட்டால் யோசிக்காமல் பெனே என்பேன்.

பெனே ஆட்டிச வகையான ஆஸ்பெர்கர் நிலை உள்ளவளாக எழுதப்பட்ட பாத்திரம். தொட்டால் பிடிக்காது, கூட்டம் பிடிக்காது, பியானோ பிடிக்கும். முக்கியமாக, சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்வாள். மற்றவர்கள் குத்தலாகவோ மறைமுகமாகவோ பேசினால் அவளுக்கு எட்டாது. அவள் பேசும்போது ஒவ்வொரு சொல்லும் முழுசாக வரும். விழுங்கல், இழுப்பு, தெருப்பேச்சு எதுவும் கிடையாது. மற்ற நான்கு பேரும் பேசினால் எனக்கு மழைச்சத்தம் மாதிரி இருக்கும். பெனே வாய் திறந்தால் மட்டும் வாக்கியம் காதில் விழும், எழுவாய் பயனிலை எல்லாம் இருக்கும். நான் போர்த்துகீசியம் கற்றது வகுப்பில் பாதி, பெனேயிடம் பாதி.

அதைவிடப் பெரிய விஷயம், அவளுக்கும் எனக்கும் ஒரே கஷ்டம். எல்லோரும் சிரிக்கும்போது ஏன் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் நிற்பது. அந்த ஊரில் பொது இடத்தில் மானம் போனால் 'குரங்கைக் கொடுத்தேன்' என்பார்கள். சொன்ன இடத்துக்கு ஒருவன் வரவில்லை என்றால் 'கேக் கொடுத்துவிட்டான்'. கோபத்தை அடக்கிக்கொண்டால் 'தவளையை விழுங்கினேன்'. இவற்றை நான் ஒவ்வொன்றாகப் பேத்தியிடம் கேட்பேன், அவள் விளம்பர இடைவேளையில் விளக்குவாள், நான் நோட்டில் தமிழில் எழுதிக்கொள்வேன். தவளைக்கு நேராக 'பல்லைக் கடித்துக்கொள்' என்று எழுதியது ஞாபகம் இருக்கிறது. 'ஃபிகார்' என்ற ஒரு சொல்லுக்கு மட்டும் என்னால் தமிழ் எழுத முடியவில்லை. அகராதியில் 'தங்குதல்'. பிள்ளைகள் பேச்சில், ஒருவரை ஒருவர் பிடித்து முத்தமிட்டுக்கொள்வது, ஆனால் காதல் என்று இன்னும் ஆகவில்லை என்ற இடைநிலை. பேத்தி விளக்கிக்கொண்டிருந்தபோது பாட்டி சமையலறையிலிருந்து, "எங்க காலத்துல அதுக்குப் பேரே கிடையாது, ஆனா நடந்துச்சு" என்றார்.

கதையில் இரண்டு பள்ளிகள். ஒன்று தனியார் பள்ளி, லிகாவின் அப்பா நடத்துவது. இன்னொன்று கோரா கொராலினா என்ற அரசுப் பள்ளி. கோரா கொராலினா கோயாஸ் மாநிலத்தில் வாழ்ந்த கவிஞர். இனிப்புப் பண்டம் செய்து விற்றுப் பிழைத்தவர், முதல் புத்தகம் வரும்போது வயது எழுபதைத் தாண்டியிருந்தது. அரசுப் பள்ளிக்கு அந்தப் பெயரை வைத்தவர்கள் யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். எலென் உதவித்தொகை பெற்றுத் தனியார் பள்ளிக்குப் போகிறாள். அங்கே அவள் நடந்துபோகும் நடையே மாறிவிடும், தோளைக் குறுக்கிக்கொண்டு நடப்பாள். வசனம் புரியாத எனக்கு முதலில் புரிந்தது அந்த நடைதான்.

பிரேசிலில் நல்ல பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் அரசாங்கத்துடையவை, படிப்பு இலவசம். ஆனால் நுழைவுத் தேர்வில் ஜெயிக்கத் தனியார் பள்ளியில் காசு கட்டிப் படித்திருக்க வேண்டும் என்பதுதான் நெடுங்கால நிலைமை. 2012இல் வந்த சட்டம் மத்திய அரசுப் பல்கலைக்கழகங்களில் பாதி இடங்களை அரசுப் பள்ளி மாணவர்களுக்கு ஒதுக்கியது. 2015 கடைசியில் சாவ் பாவ்லோ மாநில அரசு பல பள்ளிகளை மூடத் திட்டமிட்டபோது, மாணவர்களே ஏறக்குறைய இருநூறு பள்ளிகளுக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டார்கள். உள்ளேயே சமைத்தார்கள், பெருக்கினார்கள், வகுப்பு நடத்தினார்கள். டிசம்பரில் அரசு திட்டத்தை நிறுத்திவைத்தது. இதெல்லாம் நடந்து ஒன்றரை வருடத்தில் வந்த சீரியல் இது. பாட்டி வீட்டில் பார்க்கும்போது எனக்கு இது தெரியாது, நர்ஸ் அம்மாதான் ஒரு ராத்திரி சொன்னார். தெரிந்த பிறகு அந்தப் பள்ளிச் சுவரையும் பழைய பெஞ்சுகளையும் பார்க்கிற பார்வையே மாறிப்போனது.

எழுதியவர் காவோ ஹம்பர்கர். இந்தப் பெயரைச் சொன்னால் அந்த நாட்டில் முப்பது வயதுக்காரர்களின் முகம் மலரும். 1994இல் டிவி குல்தூராவில் வந்த 'கோட்டை' நிகழ்ச்சி அவர் கைவண்ணம். ஒரு மந்திரவாதிச் சிறுவன் தன் மாயக் கோட்டையில் வாழும் கதை அது, குழந்தைகளுக்கானது. சிறு பிள்ளைகளிடம் குரலைக் குழைக்காமல் பேசத் தெரிந்தவர். பதினாறு வயதுக்காரர்களிடமும் அப்படியே பேசினார். அவர் சாவ் பாவ்லோக்காரர் வேறு. அதனால்தானோ என்னவோ, கடலும் வெயிலும் இல்லாத மல்யஸாவ், சாம்பல் வானமும் மெட்ரோவும் கிராஃபிட்டியும் உள்ள மல்யஸாவ் வந்தது.

கடலும் வெயிலும் என்றதும் வாட்ச்மேன் ஞாபகம் வருகிறது. அவர் பராயிபா மாநிலத்தில் உள்நாட்டு ஊர்க்காரர். வடகிழக்கு வறண்ட பூமி. சாவ் பாவ்லோவின் கட்டட வாசல்களில் உட்கார்ந்திருப்பவர்கள் பலர் அந்தப் பக்கத்துக்காரர்கள்தான். "உங்க மல்யஸாவ் எது?" என்று ஒருநாள் நானே கேட்டேன், அப்போது அந்த அளவுக்குப் பேச வந்திருந்தது. "வகபண்டா!" என்றார் உடனே. 2004 சீசன். அதில் வந்த ஒரு இசைக்குழுவின் பெயர் அது, வேலையில்லாமல் சுற்றுவதையும் இசைக்குழுவையும் சேர்த்து ஒட்டிய சொல். மார்ஜோரி எஸ்தியானோ நடாஷாவாக நடித்துப் பாடினார், பிறகு பெரிய நடிகையும் பாடகியும் ஆனார். வாட்ச்மேனுக்கு அப்போது பதினேழு வயது. ஊரில் கொஞ்சம் வீடுகளில்தான் டிவி, ஜன்னலில் நின்று பார்த்தாராம். "அந்தப் பிள்ளைங்க ஸ்கூல் முடிஞ்சதும் கேன்டீன்ல ஜூஸ் குடிப்பாங்க. நான் அதைத்தான் பார்ப்பேன். காதலை எல்லாம் பார்க்க மாட்டேன்" என்றார்.

இன்னொன்றும் சொன்னார். "என் நிறத்துல யாரும் ஹீரோ இல்லைங்க ஸென்யோரா. நாங்க அப்போ அதைக் கவனிக்கக்கூட இல்லை." 2010 மக்கள்தொகைக் கணக்கின்படி பிரேசில்காரர்களில் 50.7 சதவீதம் பேர் தங்களைக் கறுப்பர் அல்லது கலப்பினத்தவர் என்று சொல்லியிருக்கிறார்கள். ஆரம்ப வருட மல்யஸாவ் படங்களைப் பார்த்தால் அப்படி ஒரு நாடு என்றே தெரியாது. நான் அந்த சீரியலை நேசிக்கிறேன், ஆனாலும் இதைச் சொல்லாமல் விட முடியாது. ஒரு கறுப்பினக் கதாநாயகி வர இருபத்தோரு வருடம் ஆகியிருக்கிறது, அதுவும் எலெனுக்கு முந்தைய சீசனில்தான். தீனா வர இருபத்திரண்டு வருடம். ஜப்பானியர்களை ஏற்றிய முதல் கப்பல் கசாதோ மாரு சாந்தோஸ் துறைமுகத்துக்கு வந்தது 1908இல். லிபர்தாதே என்ற ஜப்பானியப் பகுதியின் தெருக்களில் சிவப்பு விளக்குக் கம்பங்களைப் பார்த்தபடி நான் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை நடந்திருக்கிறேன். அந்த நகரத்தின் முகத்தில் ஜப்பான் அவ்வளவு இருக்கிறது. ஆனால் குளோபோவின் நொவேலாக்களில், அதாவது தொடர்நாடகங்களில், ஆசிய வம்சாவளியைச் சேர்ந்த முதல் கதாநாயகி என்று ஆனா ஹிகாரியைத்தான் சொல்கிறார்கள், 2017இல்.

தீனா எலெனின் அண்ணன் ஆண்டர்சனைக் காதலிக்கிறாள். தீனாவின் அம்மா மித்சுகோவுக்கு அது பிடிக்கவில்லை. பையன் கறுப்பினத்தவன் என்பதுதான் காரணம், வேறு எதை எதையோ காரணமாகச் சொல்வார். அந்த அம்மாவைக் கெட்டவளாகக் காட்டியிருந்தால் சுலபமாக வெறுத்துவிட்டுப் போயிருக்கலாம். அவர் மகளுக்குச் சோறு போடுவார், காய்ச்சல் என்றால் பதறுவார், அதே வாயால் அந்தப் பேச்சையும் பேசுவார். ஒருநாள் அப்படி ஒரு காட்சி ஓடியபோது பாட்டி டிவியின் சத்தத்தைக் குறைத்தார். தன் குடும்பம் இத்தாலியிலிருந்து வந்தது, தான் கட்டிக்கொண்டது கறுப்பினத்தவர் அதிகம் வாழும் பாயியா மாநிலத்துக்காரரை, தன் அம்மா கல்யாணத்துக்கு வரவில்லை என்று சொன்னார். பேத்திக்கு அது தெரியாது. "பாட்டி, இதை ஏன் சொல்லவே இல்லை?" என்றாள். "நீ கேட்கவே இல்லையே" என்று சொல்லிவிட்டுச் சத்தத்தைக் கூட்டினார். எபிசோடு முடியும்வரை அந்தப் பெண் திரையைப் பார்க்கவில்லை, பாட்டியின் கையில் இருந்த மோதிரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நர்ஸ் அம்மாவின் மல்யஸாவ் வேறு. 1981இல் பிறந்தவர், பள்ளிக்கூட சீசன்கள் வந்தபோது வாலிபப் பருவம். சமரா ஃபெலிப்போ நடித்த எரிகா என்ற பாத்திரம்தான் அவருக்கு உயிர். எரிகா எச்ஐவி உள்ள பெண். அவள் கதை ஒரு வாரத்தில் முடிந்துவிடவில்லை. மாத்திரை சாப்பிட்டாள், காதலித்தாள், பள்ளிக்குப் போனாள், மற்றவர்களின் பயத்தைச் சந்தித்தாள். எச்ஐவிக்கான மருந்தை எல்லோருக்கும் இலவசமாகத் தர வேண்டும் என்று பிரேசிலில் 1996 நவம்பரிலேயே சட்டம் வந்துவிட்டது. மருந்து வந்துவிட்டது, ஆனால் ஒரே கோப்பையில் குடித்தால் ஒட்டுமா என்ற பயம் போகவில்லை. "அந்தப் பயத்தை என் வீட்டு ஹால்ல உட்கார்ந்து போக்கினது எரிகாதான். நான் நர்ஸானதுக்கு அவளும் ஒரு காரணம்" என்றார். சுகாதார நிலையத்தில் பதின்வயதுப் பிள்ளைகள் பரிசோதனைக்கு வந்தால், எங்கே இதைக் கேள்விப்பட்டாய் என்று கேட்பாராம். இப்படிச் சமூகத்துக்குத் தேவையான செய்தியைக் கதைக்குள் வைப்பதற்கு அங்கே 'சமூக மெர்சண்டைசிங்' என்று ஒரு பெயரே இருக்கிறது. சோப்பு விளம்பரத்தைக் கதைக்குள் நுழைப்பதுபோல ஆணுறையை, தடுப்பூசியை, உறுப்பு தானத்தை நுழைப்பது. சில சமயம் அது பாடம் நடத்துவது போல இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். எரிகா மாதிரி ஒருத்தி அமைந்தால் பாடம் என்றே தெரியாது.

நொவேலாக்களை அவர்கள் 'திறந்த படைப்பு' என்பார்கள். ஒளிபரப்பாகிக்கொண்டே எழுதப்படும். பார்க்கிறவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பது எழுத்தாளரின் மேசைக்குப் போய்விடும். இதை நான் கண்ணால் பார்த்தேன். லிகாவுக்கும் சமந்தாவுக்கும் நடுவே ஏதோ இருக்கிறது என்று பேத்தி முதலிலேயே கண்டுபிடித்துவிட்டாள். சமந்தாவாக நடித்த ஜியோவன்னா கிரிஜியோவை அவளுக்கு ஒன்பது வயதிலிருந்தே தெரியும், எஸ்பிடி சேனலில் வந்த அநாதை இல்லச் சிறுமிகள் கதையில் மிலியாக நடித்தவர். "என் மிலி வளர்ந்துட்டா சியா" என்பாள். இரண்டு பெயரையும் சேர்த்து லிமாந்தா என்று ஒரு பெயர் இணையத்தில் பிறந்தது. தினமும் எபிசோடு முடிந்ததும் பேத்தி தலையைக் குனிந்துகொண்டு ஃபோனில் தட்டிக்கொண்டே இருப்பாள், நாடு முழுக்க அவள் வயதுப் பெண்கள் அதையே செய்துகொண்டிருந்தார்கள்.

கடைசியில் அந்த இருவரும் முத்தமிட்டுக்கொண்ட நாளில் ஹாலில் யாரும் பேசவில்லை. பேத்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு, திரையை விட்டுவிட்டு ஓரக்கண்ணால் பாட்டியைப் பார்த்தாள். நானும் பாட்டியைத்தான் பார்த்தேன். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர். பாட்டி மேசையிலிருந்த துணியை எடுத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். அப்புறம், "அந்தப் பொண்ணு சிரிக்கிறதை இன்னைக்குத்தான் பார்க்கிறேன்" என்றார். லிகாவைச் சொன்னார். எழுந்து காபி போடப் போய்விட்டார். பேத்தி சோபாவில் அப்படியே சாய்ந்து உட்கார்ந்தாள். தோள் இறங்கியது. அவளுக்கு அந்தக் காட்சி ஏன் அவ்வளவு முக்கியமாக இருந்தது என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

2018 மார்ச் 5ஆம் தேதி அந்த சீசன் முடிந்தது. அதற்கு சர்வதேச எம்மி கிட்ஸ் விருதும் கிடைத்தது. அடுத்து வந்த இரண்டு சீசன்களையும் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தன. பேத்தி உயர்நிலைப் பள்ளிக்குப் போனாள், சாயங்கால வகுப்புகள் சேர்ந்தன, பாட்டி வீட்டு ஹாலில் மூன்று பேரும் சேர்ந்து உட்காருவது குறைந்தது.

அப்புறம் 2020 மார்ச். கொரோனாவால் குளோபோ படப்பிடிப்புகளை நிறுத்தியது. ஓடிக்கொண்டிருந்த சீசனை அவசரமாக ஏப்ரல் 3ஆம் தேதியோடு முடித்துவிட்டார்கள். இருபத்தைந்து வருடமாக ஓடிய சீரியலின் கடைசிப் புது எபிசோடு அதுதான் என்று அன்று யாருக்கும் தெரியாது. மறு வருடம்தான் இனி வராது என்று அறிவித்தார்கள். அந்த இடைவெளியை நிரப்பப் பழைய சீசன்களை மறுபடி போட்டார்கள். முதலில் போட்டது எங்கள் சீசன்.

ஏப்ரல் 6, அதுவும் திங்கட்கிழமைதான். கட்டடத்தில் யாரும் யார் வீட்டுக்கும் போகக் கூடாது. நர்ஸ் அம்மா வீட்டுக்கு வந்தாலும் தனி அறையில்தான் படுத்தார். பாட்டியை இரண்டு வாரமாக நான் பார்க்கவில்லை. வாட்ச்மேன் முகத்தில் துணி கட்டிக்கொண்டு கூண்டுக்குள் இருந்தார், கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கையை மட்டும் ஆட்டுவார். மதியம் பேத்தியிடமிருந்து ஒரு குரல் செய்தி. பதினாறு வயதாகியிருந்தது, குரல் மாறியிருந்தது. "சியா, மறக்காதீங்க, இன்னைக்கு."

எங்கள் வீட்டு டிவி இணையத்தில் ஓடுவது. சமையலறை ஜன்னலைத் திறந்துவைத்தேன், அது கட்டடத்தின் நடுவில் இருக்கும் காற்றுவழியைப் பார்த்தபடி இருக்கும், கீழே கூண்டு, மூன்றாவது மாடியில் பாட்டி, மேலே நாங்கள். மெட்ரோ நின்றது. விளக்கு மங்கியது. கெய்லா கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். இந்தத் தடவை எல்லா வார்த்தையும் புரிந்தது, யாரும் கேட்கவில்லை.

என் திரையில் இன்னும் பிரசவம் ஆகவில்லை, அதற்குள் கீழே கூண்டிலிருந்து குழந்தை அழும் சத்தம் வந்தது. சில நொடியில் மூன்றாவது மாடியில் அழுதது. நான் அடுப்பை அணைத்துவிட்டு ஜன்னலோரம் நின்றேன். அப்புறம் என் வீட்டில் அழுதது.